புயலுக்கு ஓர் ஒத்திகை

விமானம் ஓட்டப் பழகுபவரை முதல் நாளே பயணிகளுடன் வானில் அனுப்புவதில்லை. தரையில் அமைந்த பாவனை விமானத்தில் அவரை அமர்த்தி, இயந்திரம் பழுதுபடுவதையும் ஓடுபாதை பனியில் மறைவதையும் பலமுறை காட்டி, அவர் என்ன செய்கிறார் என்று கண்டறிந்த பின்னரே உண்மை விமானத்தை ஒப்படைக்கின்றனர். கடும்புயலை முன்னறிவிக்கும் வானிலையாளரின் பொறுப்பும் இதற்குக் குறைந்ததன்று. அவர் தாமதித்தால் உயிர்கள் போகும். அவசரப்பட்டால் அவருடைய அடுத்த சொல்லை மக்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் பழகிக்கொள்ள அவருக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் மிகக் குறைவு. ஒரு நகரையே அழிக்கவல்ல புயல் ஓர் அலுவலகத்தின் எல்லைக்குள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். வரும் நாளிலோ, முடிவு செய்ய அவருக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே.

இக்குறையைப் போக்க எழுந்ததே புயல் ஒத்திகை மென்பொருள். ‘சிமுலேஷன்’ எனப்படுவதை இக்கட்டுரையில் ஒத்திகை என்றே வழங்குவோம். இத்துறை பெரிதும் வளர்ந்துள்ள நாடு அமெரிக்கா. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டொர்னேடோக்கள் அங்குப் பதிவாகின்றன. ஆகவே அந்நாட்டு எடுத்துக்காட்டுகளைக் கொண்டே இதனை விளக்குவது பொருந்தும். ஒத்திகை எவ்வாறு நடைபெறுகிறது, அதில் பெறும் தேர்ச்சியை எவ்வாறு அளப்பது, அது கற்றுத்தர இயலாதது எது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்போம்.

டொர்னேடோ என்பது யாது?

நம் கடற்கரை அறிந்த புயல் வேறு, டொர்னேடோ வேறு. வங்கக் கடலில் உருவாகும் புயல் பல நூறு கிலோமீட்டர் அகலமுடையது. கரையைக் கடக்குமுன் பெரும்பாலும் சில நாட்கள் அது கடலில் நகர்வதால், துறைமுகங்களில் கூண்டு ஏற்றவும் மக்களை அப்புறப்படுத்தவும் அவகாசம் கிடைக்கிறது. டொர்னேடோ என்பது இடிமேகத்தின் அடியிலிருந்து தரைவரை நீளும் வன்சுழற்காற்று. அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதன் ஆயுளும் பெரும்பாலும் சில நிமிடங்களே. ஆயினும் மிகக் கொடியவற்றில் காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

விளைந்த சேதத்தைக் கொண்டு இவற்றைத் தரம் பிரிக்கும் அளவுகோலை ஃபுஜிட்டா என்னும் அறிஞர் 1971இல் வகுத்தார். அதன் திருத்திய வடிவம் அமெரிக்காவில் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு படிகள் கொண்டது அது. நம் துணைக்கண்டத்திற்கும் டொர்னேடோ புதியதன்று. 1989 ஏப்ரல் 26ஆம் நாள் வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கிய டொர்னேடோவில் சுமார் 1,300 பேர் மாண்டனர் என்பது பதிவு.

கடும்புயல் உருவாக நான்கு பொருள்கள் கூடவேண்டும் என்பர். தரையை ஒட்டிய காற்றில் ஈரம் வேண்டும். கீழே வெப்பமும் மேலே குளிரும் இருந்து, மேலெழும் காற்று மேலும் மேலும் எழும் நிலையின்மை வேண்டும். அக்காற்றை முதலில் உந்திவிட ஒரு தூண்டுதல் வேண்டும். உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறும் வேற்றுமையும் வேண்டும். முதல் மூன்றும் இருந்தால் இடியும் மழையும் உண்டாகும். நான்காவதும் சேர்ந்தால்தான் மேகம் முழுவதும் சுழலத் தொடங்குகிறது. சுழலும் அம்மேகத்தைச் ‘சூப்பர்செல்’ என்பர். கொடிய டொர்னேடோக்களுள் மிகப் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

இவற்றுள் நிலையின்மையை எண்ணால் அளக்கலாம். மேலெழும் ஒரு கிலோகிராம் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய மிதப்பு ஆற்றல் 2,500 ஜூல் எனக் கொள்வோம். அவ்வளவும் இயக்க ஆற்றலாக மாறினால், அதன் வேகம் இரு மடங்கு ஆற்றலின் வர்க்கமூலம், அதாவது 5,000இன் வர்க்கமூலம். நொடிக்கு ஏறத்தாழ 71 மீட்டர். மழைத்துளிகளின் பாரமும் சுற்றியுள்ள காற்றின் கலப்பும் குறுக்கிடுவதால் உண்மையில் இவ்வேகம் கிட்டுவதில்லை. பாதி கிட்டினாலும் அது மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேற்பட்ட செங்குத்தான காற்று. கிரிக்கெட் பந்தளவு ஆலங்கட்டியை வானில் தாங்கி நிறுத்தவல்லது இதனையொத்த காற்றே.

பழைய படங்களே முதல் ஆசிரியர்

மென்பொருள் பிறக்குமுன்பே ஒத்திகையின் கருத்து பிறந்துவிட்டது. 1948 மார்ச் 20ஆம் நாள் இரவு, ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தை டொர்னேடோ ஒன்று தாக்கி, நிறுத்தி வைத்திருந்த விமானங்களை நொறுக்கியது. இதனை முன்னறிய இயலுமா என்று ஆராயும்படி அத்தளத்தின் வானிலை அதிகாரிகளான ஃபாபுஷ், மில்லர் ஆகிய இருவருக்கும் ஆணை பிறந்தது. அவர்கள் முன்பு டொர்னேடோ தோன்றிய நாட்களின் வானிலைப் படங்களைத் தேடியெடுத்து, அவற்றுக்கெல்லாம் பொதுவாயிருந்த கூறுகளைக் குறித்துக்கொண்டனர். ஐந்தே நாட்கள் சென்றன. மார்ச் 25ஆம் நாள் காலையில் வந்த படம், 20ஆம் நாள் படத்தை அப்படியே ஒத்திருந்தது. ஒரே தளத்தை ஒரே வாரத்தில் இருமுறை டொர்னேடோ தாக்குவது நம்பத்தகாத நிகழ்ச்சி. எனினும் அவர்கள் துணிந்து முன்னறிவிப்பு வெளியிட்டனர். விமானங்கள் பாதுகாப்பான இடங்களுக்கு நகர்த்தப்பட்டன. அன்று மாலையே டொர்னேடோ அத்தளத்தின்மீது வந்தது.

அத்தகைய ஒற்றுமை மீண்டும் மீண்டும் அமையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும் இதில் ஒரு பாடம் உண்டு. அவ்விருவரையும் அந்த ஐந்து நாட்களில் ஆயத்தப்படுத்தியவை, நடந்து முடிந்த நாட்களின் பதிவுகள். பழைய பதிவை எடுத்து, முடிவை அறியாதவர்போல் மீண்டும் அதனை எதிர்கொள்வதே இன்றைய ஒத்திகையின் உயிர்நாடி.

ராடார் காண்பதும் காணாததும்

முன்னறிவிப்பாளரின் தலையாய கருவி ராடார். அது வானலைகளை அனுப்பி, மழைத்துளிகளிலும் ஆலங்கட்டிகளிலும் பட்டுத் திரும்பும் எதிரலைகளைப் பெறுகிறது. 1953 ஏப்ரல் 9ஆம் நாள் இலினாய் மாநிலத்தில் ஒரு ராடார் திரையில், புயலின் ஓரத்தில் கொக்கிபோல் வளைந்த எதிரலை பதிவாயிற்று. அவ்விடத்தில் அப்போது டொர்னேடோ இருந்தது. சுழலும் காற்று மழையைத் தன்னைச் சுற்றி இழுப்பதாலேயே அந்தக் கொக்கி அமைகிறது.

டாப்ளர் ராடார் இதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் ஓசை உயர்ந்தும், நம்மைக் கடந்து செல்கையில் தாழ்ந்தும் கேட்பதுபோல, துளிகள் ராடாரை நோக்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா என்பதை எதிரலையின் மாற்றத்தைக் கொண்டு அறியலாம். வருபவையும் விலகுபவையும் அடுத்தடுத்துக் காணப்பட்டால் அங்குச் சுழற்சி உள்ளது எனலாம். 1973 மே 24ஆம் நாள் ஒக்லஹோமாவின் யூனியன் சிட்டியைத் தாக்கிய டொர்னேடோவின் டாப்ளர் பதிவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோதுதான், டொர்னேடோவுக்கே உரிய சுழற்சி அடையாளம் அவற்றுள் இருப்பது புலனாயிற்று. இங்கும் பழைய பதிவே ஆசானாக நின்றதை நோக்குக.

ஆயினும் ராடாருக்கும் எல்லை உண்டு. அதன் கதிரைத் தரையிலிருந்து அரைப் பாகை உயர்த்திச் செலுத்துவதாகக் கொள்வோம். பூமி வளைந்திருப்பதால், தொலைவு செல்லச் செல்லக் கதிர் தரையைவிட்டு மேலும் மேலும் உயர்கிறது. கணக்கிட்டால் 50 கிலோமீட்டர் தொலைவில் கதிரின் நடுப்பகுதி சுமார் 600 மீட்டர் உயரத்திலும், 100 கிலோமீட்டரில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலும், 200 கிலோமீட்டரில் சுமார் 4 கிலோமீட்டர் உயரத்திலும் இருக்கும். தரையைத் தொட்டு வீடுகளைப் பெயர்க்கும் காற்றை அது காண்பதில்லை. அதற்கு மேலுள்ள மேகத்தின் சுழற்சியையே காண்கிறது. மேலும், வானத்தைப் பல கோணங்களில் துழாவி ஒரு சுற்றை முடிக்க அமெரிக்க ராடார்களுக்கு நான்கு, ஐந்து நிமிடங்கள் ஆவது வழக்கம். 2014 முதல், சுற்றின் நடுவிலேயே கீழ்க்கோணத்தை மீண்டும் ஒருமுறை நோக்கும் முறையைப் புகுத்தியுள்ளனர். எவ்வாறாயினும் முன்னறிவிப்பாளர் முன் உள்ளவை விட்டுவிட்டு வரும் படங்களே. இடைவெளியில் நிகழ்வதை அவர் அறிவால் நிரப்பவேண்டும்.

ஒத்திகை மென்பொருளின் அமைப்பு

ஒத்திகை இருவகைப்படும். முதலாவது, உண்மையில் நடந்த புயலின் பதிவுகளை மீண்டும் ஓடவிடுவது. அமெரிக்கத் தேசிய வானிலைப் பணியின் எச்சரிக்கைப் பயிற்சிப் பிரிவு ஒக்லஹோமாவின் நார்மன் நகரில் உள்ளது. ‘வெதர் ஈவென்ட் சிமுலேட்டர்’ எனப்படும் மென்பொருளை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கி நாட்டின் முன்னறிவிப்பு அலுவலகங்களுக்கு வழங்கியது அப்பிரிவே. அதன் சிறப்பு அதிலுள்ள கடிகாரத்தில் இருக்கிறது. பழைய நாளின் ராடார் படம், செயற்கைக்கோள் படம், தரைநிலை அளவுகள் யாவும் கணிப்பொறியில் முன்னரே உள்ளன. ஆயினும் அன்று எந்த நேரத்தில் எது வந்ததோ, ஒத்திகையிலும் அந்த நேரம் வந்த பிறகே அது திரையில் தோன்றும். அடுத்த படம் வேண்டுமென்றால் காத்திருக்கவேண்டும். பணியில் கையாளும் அதே திரை, அதே விசைகள், எச்சரிக்கை எழுதும் அதே முறை ஆகியவற்றைக் கொண்டே பயிற்சி நடைபெறுகிறது.

இரண்டாவது, இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கணிப்பொறிக்குள்ளேயே ஒரு புயலைப் படைப்பது. 1978இல் கிளெம்ப், வில்ஹெல்ம்சன் ஆகிய இருவரும் முப்பரிமாணத்தில் புயலைக் கணக்கிட்டு, ஒரு புயல் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு திசைகளில் நகர்வதைக் காட்டினர். அண்மைக் காலத்தில் லீ ஆர்ஃப் என்பவரும் அவருடைய குழுவினரும், 2011 மே 24ஆம் நாள் ஒக்லஹோமாவின் எல் ரீனோ அருகே டொர்னேடோவைத் தோற்றுவித்த புயலின் சூழலைக் கொண்டு, 30 மீட்டர் இடைவெளியுள்ள கட்டங்களில் ஒரு மீக்கணிப்பொறியில் புயலைப் படைத்தனர். சுழற்சி எங்கே பிறக்கிறது, எவ்வாறு இறுகுகிறது என்று அறிய இது பெரிதும் உதவுகிறது. ஆனால் இவ்வளவு நுட்பமான கணக்கு முடிய நாட்கள் ஆகும்; புயலோ சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆகவே புயலின் இயல்பை விளக்க இரண்டாம் வகை சிறந்தது; முன்னறிவிப்பாளரைப் பழக்க முதல் வகையே சிறந்தது.

ஓர் ஒத்திகையைக் காண்போம்

ஒக்லஹோமா மாநிலத்தின் மூர் நகரம், 2013 மே 20, திங்கட்கிழமை. அன்றைய பதிவுகளை எடுத்துக்கொண்டு ஒத்திகை நடத்துவதாகக் கொள்வோம். பயிற்சி பெறுபவருக்கு நாளும் ஊரும் சொல்லப்படமாட்டா. காலைப் படங்களை முதலில் கொடுத்து, “இன்று என்ன நிகழும் என்று எதிர்பார்க்கிறீர்?” என்று ஆசிரியர் கேட்பார். மெக்சிகோ வளைகுடாப் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்று, மேல்வானில் மேற்கிலிருந்து வரும் வலிய காற்று, மேற்கே நிற்கும் வறண்ட காற்றின் எல்லைக்கோடு ஆகியவற்றை அவர் கண்டறிந்து எழுதவேண்டும். ராடாரைப் பார்க்குமுன் சூழலைப் பார்ப்பது முதல் விதி. சூழல் இன்னதென்று அறிந்தவருக்கே ராடாரில் தோன்றும் சிறு அடையாளத்தின் பொருள் விளங்கும்.

பிற்பகலில் மேகங்கள் எழுகின்றன. கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஒரு புயல் மட்டும் மற்றவற்றினும் விரைவாக வளர்கிறது. அதன் தென்மேற்கு ஓரம் வளைகிறது. அருகருகே எதிரெதிர்த் திசையில் காற்று தென்படுகிறது. ஆனால் இறுகிய சுழற்சி இன்னும் இல்லை. இப்போது எச்சரிக்கலாமா? அடுத்த படத்திற்குக் காத்திருக்கலாமா? இங்குதான் ஒத்திகை தன் வேலையைத் தொடங்குகிறது. காத்திருந்தால் உறுதி கூடும். ஆனால் உறுதி கூடக்கூட மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம் குறையும்.

அன்று உண்மையில் நடந்தது இது. பிற்பகல் 2 மணி 40 நிமிடத்திற்கு டொர்னேடோ எச்சரிக்கை வெளியாயிற்று. 2 மணி 56 நிமிடத்திற்கு டொர்னேடோ தரையைத் தொட்டது. அவகாசம் 16 நிமிடம். 3 மணி 1 நிமிடத்திற்கு மிகக் கடுமையான சொற்களால் அவசர எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 3 மணி 35 நிமிடத்திற்கு அது ஓய்ந்தபோது, 39 நிமிடங்களில் சுமார் 22 கிலோமீட்டர் கடந்து, உச்சநிலையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலம் கொண்டிருந்தது. அளவுகோலின் ஐந்தாம் படியைச் சேர்ந்த அதில் 24 பேர் இறந்தனர். அது பள்ளி நேரம். பிளாசா டவர்ஸ் தொடக்கப்பள்ளியில் மட்டும் ஏழு குழந்தைகள் மாண்டனர்.

பயிற்சி பெறுபவர் 2 மணி 52 நிமிடத்திற்கு எச்சரித்திருந்தால் அவகாசம் நான்கே நிமிடம். ஒரு வகுப்புக் குழந்தைகளை எழுப்பிச் சுவரோரம் அமர்த்துவதற்கே அது போதாது. 2 மணி 20 நிமிடத்திற்கே எச்சரித்திருந்தால் அவகாசம் 36 நிமிடம். ஆனால் அந்நேரத்தில் அதே தோற்றமுடைய புயல்கள் எத்தனையோ நாட்களில் டொர்னேடோவைத் தோற்றுவிக்காமலே கலைந்திருக்கின்றன. சரியான விடை எந்தப் பாடநூலிலும் அச்சிடப்படவில்லை. அவர் எந்த அடையாளத்தைக் கண்டு எந்நேரத்தில் முடிவு செய்தார் என்பதை எழுதிவைக்கச் சொல்லி, பின்னர் அதனை விவாதிப்பதே பயிற்சி.

எச்சரிக்கைப் பரப்பை வரைவதும் ஒரு கணக்கே. முன்பெல்லாம் மாவட்டம் முழுமைக்கும் எச்சரிக்கை விடுப்பது அங்கு வழக்கம். 2007 அக்டோபர் முதல், புயல் செல்லும் பாதையைத் தழுவிப் பலகோணம் வரைந்து, அதற்குட்பட்ட பகுதிகளுக்கு மட்டும் எச்சரிக்கின்றனர். மூர் டொர்னேடோவின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 34 கிலோமீட்டர். முக்கால் மணி நேரத்துக்கு எச்சரிப்பதாயின் அது 25 கிலோமீட்டருக்கு மேல் முன்னே செல்லும். திசை சற்று மாறக்கூடுமாதலால் பலகோணம் முன்னே செல்லச் செல்ல அகலவேண்டும். மிகக் குறுக்கினால் ஒரு தெரு விடுபடும். மிக விரித்தால் தேவையற்ற பல்லாயிரம் பேரை அச்சுறுத்தும்.

இத்தகைய ஒத்திகை, கருவிகளைச் சோதிக்கவும் பயன்படுகிறது. நார்மனில் முன்னறிவிப்பாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரே பழைய புயலைச் சிலருக்கு நாலரை நிமிடத்திற்கு ஒருமுறையும் சிலருக்கு ஒரு நிமிடத்திற்கும் குறைந்த இடைவெளியிலும் காட்டினர். விரைந்த படங்களைப் பெற்றவர்கள் முன்கூட்டியே எச்சரிக்கும் போக்கு காணப்பட்டது.

மதிப்பெண் இடுவது எவ்வாறு?

ஒத்திகை முடிந்ததும் மதிப்பெண் இடவேண்டும். இது எளிதன்று என்பதற்கு ஒரு பழைய கதை சான்று. அமெரிக்க இராணுவச் சமிக்ஞைப் பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி என்பவர், 1884இல் மூன்று மாதங்கள், நாட்டின் பல வட்டாரங்களுக்கு டொர்னேடோ வரும், வராது என்று முன்னறிவித்தார். மொத்தம் 2,803 முன்னறிவிப்புகள். அவற்றின் பகுப்பு வருமாறு:

வரும் என்று கூறி வந்தவை: 28
வரும் என்று கூறி வராதவை: 72
வராது என்று கூறி வந்தவை: 23
வராது என்று கூறி வராதவை: 2,680

சரியானவை 28உம் 2,680உம் சேர்ந்து 2,708. இது நூற்றுக்கு 96.6. வியக்கத்தக்க தேர்ச்சி என்று தோன்றுகிறதன்றோ? ஆனால் கில்பர்ட் என்னும் அறிஞர் உடனே ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் எதையும் ஆராயாமல், எல்லா நாளும் ‘வராது’ என்றே எழுதிவைத்திருந்தால் 2,752 முறை சரியாகியிருக்கும். அது நூற்றுக்கு 98.2! உழைத்தவரைவிட உறங்கியவருக்கு மதிப்பெண் மிகுதி.

ஆகவே அரிய நிகழ்ச்சிகளுக்கு வேறு அளவுகள் தேவை. வந்த டொர்னேடோக்களுள் எத்தனை முன்னறிவிக்கப்பட்டன என்பது கண்டறிவு விகிதம். இங்கு 51இல் 28, அதாவது நூற்றுக்கு 55. விடுத்த எச்சரிக்கைகளுள் எத்தனை பொய்த்தன என்பது பொய்யெச்சரிக்கை விகிதம். இங்கு 100இல் 72. ‘வராது’ என்ற எளிய வெற்றிகளை அறவே நீக்கிவிட்டு, வெற்றியை வெற்றி, பொய்த்தவை, தவறியவை ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது வெற்றிச் சுட்டெண். இங்கு 123இல் 28, அதாவது நூற்றுக்கு 23. முதலில் கண்ட 96.6 எங்கே, இந்த 23 எங்கே! ‘வராது’ என்றே கூறியிருப்பவருக்கு இச்சுட்டெண்ணின்படி கிடைப்பது பூஜ்யம்.

இன்றைய அமெரிக்க டொர்னேடோ எச்சரிக்கைகளிலும் பத்தில் ஏறத்தாழ ஏழு பொய்க்கின்றன. அதைக்கொண்டு நூற்றாண்டுக்கு மேலாகியும் முன்னேற்றம் இல்லை என்று முடிவு கட்டுவது தவறாகும். ஃபின்லி பெரும் நிலப்பரப்புக்குப் பல மணி நேரத்திற்குச் சொன்னார். இன்று சிறு பலகோணத்துக்கு முக்கால் மணி நேரத்திற்குச் சொல்கின்றனர். கேள்வி கடினமாயிற்று என்பதை மறந்து மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடலாகாது.

ஃபின்லியின் முயற்சிக்குப் பின் நேர்ந்தது வருந்தத்தக்கது. பொய்யெச்சரிக்கையால் மக்கள் பீதியடைவர் என்று அஞ்சி, 1880களில் அரசு முன்னறிவிப்புகளில் ‘டொர்னேடோ’ என்ற சொல்லையே விலக்கினர்; 1938 வரை அத்தடை நீடித்தது. அத்தனை ஆண்டுகள் யாரும் முன்னறிவிக்கவில்லை. ஆகவே யாரும் பிழை செய்யவுமில்லை, கற்றுக்கொள்ளவுமில்லை. ஒத்திகையின் பெருமை இங்கு விளங்கும். எவரையும் பீதியுறச் செய்யாமல் ஆயிரம் முறை பிழைசெய்து கற்க அது இடமளிக்கிறது.

ஒத்திகை கற்றுத்தராதவை

இத்துணைச் சிறப்புடைய ஒத்திகைக்கும் குறைகள் உண்டு. அவற்றுள் பெரியது, ஒத்திகைக்கு அமர்த்தப்பட்டவுடனேயே ‘இன்று ஏதோ நடக்கப்போகிறது’ என்று பயிற்சி பெறுபவர் அறிந்துகொள்வது. பெயர்பெற்ற புயல்களையே பாடமாக வைத்தால், கொக்கியைக் கண்டதும் எச்சரிப்பவர் எப்போதும் வெல்வார். பணிக்குச் சென்றபின் அதே பழக்கம் அவரைப் பொய்யெச்சரிக்கையில் கொண்டு நிறுத்தும். ஆகவே மிரட்டிவிட்டுக் கலைந்துபோன புயல்களையும், சூழல் கனிந்திருந்தும் ஒன்றும் நிகழாத நாட்களையும் பாடத்தில் கலந்து வைத்தல் இன்றியமையாதது. வினாத்தாளில் எல்லா விடைகளும் ‘ஆம்’ என்றிருந்தால் அது தேர்வாகாது.

இரண்டாவது, முடிவு தெரிந்தபின் எல்லாம் முன்பே தெளிவாயிருந்ததாகத் தோன்றும் மனமயக்கம். இதற்கு மருந்து எழுத்துதான். ஒவ்வொரு படம் வந்ததும் டொர்னேடோவுக்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எண்ணால் எழுதிவைத்தால், பின்னர் அதனை மாற்றிச் சொல்ல இயலாது. முப்பது விழுக்காடு என்று எழுதிய தடவைகளுள் உண்மையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு நிகழ்ந்திருக்கின்றனவா என்று பல ஒத்திகைகளைத் திரட்டிப் பார்த்தால், தம் துணிவின் அளவை அவரே அறிவார்.

மூன்றாவது, எச்சரிக்கையைக் கேட்கும் மனிதர் ஒத்திகையில் இல்லை. 2011 மே 22ஆம் நாள் மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில், டொர்னேடோ தரையைத் தொடுவதற்கு 17 நிமிடம் முன்பே எச்சரிக்கை வெளியாயிற்று. ஆயினும் 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் நடந்த ஆய்வில், முதல் அபாயச் சங்கு ஒலித்தபோது பலர் உடனே ஒதுங்கவில்லை என்பதும், வேறொரு வழியில் உறுதி செய்துகொள்ள முயன்றனர் என்பதும் தெரியவந்தன. அடிக்கடி சங்கொலி கேட்டும் ஒன்றும் நேராத பழக்கம் அதற்கு ஒரு காரணம். ‘புலி வருகிறது’ என்று கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். இங்கே கூவியவர் பொய்யர் அல்லர். ஐயத்துக்கிடையே கடமை செய்தவர். எனினும் கேட்பவர் மனத்தில் விளைவது ஒன்றே. அதனால்தான் சில ஒத்திகைகளில் ஆசிரியரே தொலைபேசியில் பேசி, பள்ளித் தலைமையாசிரியராகவும் மருத்துவமனை அலுவலராகவும் வினவுகிறார். களத்திலிருந்து தவறான செய்தி ஒன்றையும் இடையே அனுப்புகிறார். திரையைப் பார்த்துக்கொண்டே விடைசொல்லவும், எளிய சொற்களில் எழுதவும் அப்போதுதான் பழக்கம் வரும்.

நாம் செய்யக்கூடியது

இப்பயிற்சி அமெரிக்க அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. அந்நாட்டு ராடார்களின் பழைய பதிவுகள் யாவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பெறும்படி வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படமாக வரைய ‘பை-ஆர்ட்’ போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு. புயலைக் கணக்கிட்டுப் படைக்கும் ‘டபிள்யூ.ஆர்.எஃப்.’ மாதிரியும் கட்டணமின்றியே கிடைக்கிறது. கணிப்பொறி வசதி குறைந்த வகுப்பிலும் இதனை நடத்தலாம். ஒருவர் படங்களை அச்சிட்டுக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்திற்கு ஒன்றாக வழங்கட்டும். மற்றவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் வாய்ப்பை எண்ணால் எழுதட்டும். புயல் வராத நாட்களும் கட்டில் கலந்திருக்கட்டும். இறுதியில் மேற்கண்ட நான்கு கட்டங்களை வரைந்து ஒவ்வொருவருடைய சுட்டெண்ணையும் கணக்கிடலாம். புவியியல், இயற்பியல், புள்ளியியல் ஆகிய மூன்று துறை மாணவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யத்தக்க பயிற்சி இது.

சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ராடார், மேற்கூறிய அதே தத்துவத்தில் வங்கக் கடலை நோக்கிச் சுழல்வது. நம்முடைய புயல்கள் நிமிடக் கணக்கில் வருவனவல்ல. ஆயினும் அரைகுறைச் செய்திகளைக் கொண்டு, குறித்த நேரத்துக்குள், பிறர் உயிரைப் பற்றி முடிவு செய்யும் நிலை இங்கும் உண்டு; மருத்துவத்திலும் வெள்ள நிர்வாகத்திலும் உண்டு. முழு உண்மையும் தெரிந்தபின் முடிவு செய்ய எவராலும் இயலும். ஆனால் அப்போது அதனால் பயனிராது. தெரிந்த அளவைக்கொண்டு உரிய நேரத்தில் முடிவு செய்து, அதனை எழுதிவைத்து, பின்னர் நேர்மையாகச் சரிபார்த்து, அடுத்த முறை திருத்திக்கொள்ளும் பழக்கமே புயல் ஒத்திகை நமக்குக் கற்பிக்கும் பாடம்.